பக்கத்து ஆசனத்துக் குரல்

சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு மோட்டாரில் போகிறவர்களுக்குச் செங்குன்றத்தைத் தாண்டியதும் சோழவரம் வரும். அந்தப் பெயரைக் கேட்டதுமே அறுபது வயது கடந்த ஆண்களின் முகத்தில் ஒரு தனிப் பிரகாசம் தோன்றுவதைக் கவனித்திருக்கிறேன். சோழவரத்து ஏரியை நினைத்து அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது போட்ட விமான ஓடுபாதை ஒன்று அங்கே உண்டு. யுத்தம் முடிந்து விமானங்கள் போன பிறகு, சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அதிலே கார்ப் பந்தயம் நடத்த ஆரம்பித்தார்கள். 1950-களில் தொடங்கிய அந்தக் கோலாகலம் 1980-களின் கடைசிவரையில் நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்கென்று சொந்தத் தடம் அமைந்துவிடவே, சோழவரத்தில் சத்தம் அடங்கிவிட்டது.

இந்தப் பழங்கதையை எங்கள் டிரைவரிடம் அளந்துகொண்டே போனதாலோ என்னவோ, பழவேற்காட்டில் இறங்கிய பிறகும் பந்தய ஞாபகம் என்னை விடவில்லை. ஏரிக்கரையில் உள்ள ஒரு குப்பத்தில் படகுக்காகக் காத்திருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் பத்து வயசுப் பையன் ஒருவன் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டிருந்தான். அவன் தோளுக்குப் பின்னால் அக்காள். பதின்மூன்று வயசு இருக்கும். கைபேசிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரக் குரல் விடாமல் ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தது. அக்காள் அதை உடனுக்குடன் தமிழாக்கிக்கொண்டிருந்தாள்.

"வலது, வலது... சின்ன வளைவுதான். இப்ப நேரா போ, நல்லா அடிச்சு ஓட்டு. டேய், மேடு வருது, மேடு!"

"உனக்கே வழி தெரியாதாடா?" என்று பையனைக் கேட்டேன்.

"அக்கா சொல்லலேன்னா மரத்துல மோதிடும் சார்" என்றான், தலையைத் தூக்காமலே.

வாசலில் உட்கார்ந்து இறால் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த தாயார் சிரித்தாள். "இன்னா சார் பாக்குறீங்க? பொழுதுக்கும் இதே ரோதனதான். அந்தக் காருக்குப் பெட்ரோல் போடத் தேவையில்ல. எனக்குத்தான் ரீசார்ஜ் போட்டு மாளல."

அந்தப் பெண் செய்துகொண்டிருந்த காரியத்துக்கு உலகத்திலே ஒரு உத்தியோகப் பெயரே இருக்கிறது என்று நான் சொன்னபோது தாயார் நம்பவில்லை. உங்களில் சிலரும் நம்பமாட்டீர்கள். ஆகையால் கொஞ்சம் விவரமாகச் சொல்லுகிறேன்.

சோழவரத்தில் நடந்தது ஒரு வகைப் பந்தயம். எல்லாக் கார்களும் ஒன்றாகப் புறப்பட்டு, ஒரே தடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றையொன்று முந்தும். ராலி என்பது வேறு ஜாதி. அதில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, நிமிஷக் கணக்கில் இடைவெளி விட்டுத்தான் புறப்படும். எதிரே முந்துவதற்கு யாரும் இல்லை. காட்டுப் பாதை, மலைப் பாதை, பனி மூடிய பாதை, எதுவானாலும் அதில் தனியாகப் போகவேண்டும். கடிகாரம் ஒன்றுதான் எதிரி. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து ஆசனத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். அவர் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். பந்தயத்துக்கு முன்னால் இருவரும் அதே பாதையில் நிதானமாகப் போய், ஒவ்வொரு வளைவையும் பார்த்து, ஓட்டுகிறவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதிக்கொள்வார். வளைவின் கடுமைக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுப்பது ஒரு வழக்கம். ஒன்று என்றால் கழுத்தை ஒடிக்கிற திருப்பம். ஆறு என்றால் வேகத்தைக் குறைக்க அவசியமே இல்லை. "வலது ஆறு, நூறு மீட்டர், மேடு, இடது மூன்று, உள்ளே வெட்டாதே" என்று அவர் வாசித்துக்கொண்டே போவார். மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது ஓட்டுகிறவருடைய கண்ணுக்குத் தெரியாது. காதைத்தான் நம்பவேண்டும். மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் இன்னொருவர் வார்த்தையை நம்புவதென்றால் சாமானியமா?

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. சற்று நேரத்தில் எங்கள் படகு கிளம்பியது. ஏரி பார்வைக்குச் சமுத்திரம் மாதிரி விரிந்து கிடக்கிறது. ஆழமோ பெரும்பாலும் இடுப்பளவுதான். எங்கே சேற்றுத் திட்டு, எங்கே படகு போகிற வழி என்று மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. முன்னால் நின்ற கிழவர் கழியால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "கொஞ்சம் வடக்க... இன்னும் கொஞ்சம்... இப்ப விடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் மோட்டாரைப் பிடித்திருந்தவன் அவர் முதுகைத்தான் பார்த்தான், தண்ணீரைப் பார்க்கவில்லை. "போன வருசம் இருந்த வழி இந்த வருசம் இருக்காது ஐயா. மழைக்கு மழை மணல் மாறிப்போவும்" என்றார் கிழவர். ராலிக்காரர்களும் வருஷா வருஷம் குறிப்பைத் திருத்தி எழுதுகிறார்கள், இதே காரணத்துக்காக.

இன்னொரு ஒற்றுமையையும் சொல்லவேண்டும். இறால் நன்றாகப் படுகிற இடங்களில் இந்தக் குப்பங்கள் முண்டியடித்துக்கொண்டு வலை போடுவதில்லை. 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு. சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள். ராலியிலும் முதலில் புறப்படுகிற காருக்குச் சங்கடம் உண்டு. பாதையில் கிடக்கும் உதிரிக் கல்லையெல்லாம் அதுதான் பெருக்கித் தள்ளவேண்டும். பின்னால் வருகிறவர்களுக்குச் சுத்தமான வழி கிடைக்கும். முறை என்று வந்துவிட்டால் நல்லதும் கெட்டதும் அதற்குள்ளேயே அடக்கம்.

பாட்டைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. அந்தச் சீட்டில் பங்கு கல்யாணமான ஆண்களுக்குத்தான். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கிற பெண்கள் அந்த ஏரியில் இருக்கிறார்கள். மீனைக் கூடையில் சுமந்து விற்று வீட்டை நடத்துகிற பெண்கள் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறார்கள். முறை எழுதும்போது மட்டும் அவர்கள் பெயர் இல்லை. சரி, இதற்கு மறுபடியும் வருகிறேன்.

கைபேசியில் ஓடிய அந்த விளையாட்டுக்கு மூத்த பரம்பரை ஒன்று உண்டு. 1990-களின் நடுவில் ஜப்பானின் ஸேகா கம்பெனியார் 'ஸேகா ராலி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். காசு போட்டு ஆடும் கூடங்களில் அது சக்கைப்போடு போட்டது. மண்ணில் ஓடும்போது ஒரு விதமாகவும் தார் ரோட்டில் ஓடும்போது வேறு விதமாகவும் கார் வழுக்கும். அதுவரையில் யாரும் அப்படிச் செய்ததில்லை என்று ஆச்சரியப்பட்டார்கள். ஆனால் அது நாலைந்து நிமிஷ வேடிக்கைதான்.

நிஜ ராலியை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த கோட்மாஸ்டர்ஸ் கம்பெனியார். ரிச்சர்ட், டேவிட் டார்லிங் என்ற சகோதரர்கள் 1986-இல் ஆரம்பித்த ஸ்தாபனம் அது. மலிவு விலையில் காஸெட்டில் விளையாட்டு விற்று முன்னுக்கு வந்தவர்கள். அப்போது ஸ்காட்லாந்துக்காரர் காலின் மக்ரேயின் பெயர் ஐரோப்பா முழுவதும் அடிபட்டுக்கொண்டிருந்தது. அவருடைய தகப்பனாரும் ராலிக்காரர். மகன் 1995-இல், இருபத்தேழாவது வயசில், உலகச் சாம்பியன் ஆனார். அவ்வளவு சிறு வயதில் அதற்கு முன் யாரும் ஆனதில்லை. 2022-இல்தான் பின்லாந்துப் பையன் ஒருவன், கல்லே ரோவன்பெரா, இருபத்திரண்டு வயசில் அந்தச் சாதனையை முறியடித்தான். மக்ரே ஜெயித்தாலும் கேட்க வேண்டாம், தோற்றாலும் கேட்க வேண்டாம். காரைப் பல்டி அடிக்க வைத்தாவது ஜனங்களைச் சந்தோஷப்படுத்திவிடுவார்.

1998-இல் 'காலின் மக்ரே ராலி' வெளிவந்தது. நியூஸிலாந்து, கிரீஸ், ஸ்வீடன், இந்தோனேஷியா என்று எட்டுப் பிரதேசங்கள். காரில் அடிபட்டால் அடிபட்டதுதான்; வழியில் பழுது பார்க்கக் கொடுக்கிற அவகாசமும் கொஞ்சம்தான். இதையெல்லாம்விட முக்கியமான காரியம் ஒன்றைச் செய்திருந்தார்கள். மக்ரேயின் பக்கத்து ஆசனத்தில் நிஜமாகவே உட்கார்ந்த நிக்கி க்ரிஸ்ட் என்பவரையே அழைத்து, வளைவுகளை அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஆடுகிற பிள்ளைகளுக்கு, உலகச் சாம்பியன்கள் நம்பிய அதே குரல்! என் அபிப்பிராயத்தில், அந்த விளையாட்டின் உயிரே அதில்தான் இருந்தது. படத்தைவிட, காரின் பளபளப்பைவிட, அந்தக் குரல்.

2000-இல் இரண்டாவது, 2002-இல் மூன்றாவது, அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒன்று என்று 2004 வரையில் வந்தன. இவற்றில் அதிகம் சொல்லுவதற்கில்லை. நல்ல சமையற்காரர் தினம் ஒரே குழம்பை வைத்த மாதிரி. 2007 ஜூன் மாதத்தில் புது அலங்காரத்துடன் 'டர்ட்' என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டு ஒன்று வந்தது. மண் என்று அர்த்தம். அடுத்த மூன்று மாதத்தில், செப்டம்பர் 15-ஆம் தேதி, ஸ்காட்லாந்தில் மக்ரே ஓட்டிய ஹெலிகாப்டர் அவர் வீட்டருகிலேயே விழுந்துவிட்டது. அவருடைய ஐந்து வயது மகன் உள்பட நால்வர் இறந்தார்கள். உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் எத்தனையோ பிள்ளைகள் அவரை நேரில் பார்த்ததில்லை. விளையாட்டின் பெட்டியில் அச்சான பெயராகத்தான் தெரியும். அவர்களும் அழுதார்கள்.

2009-இல் வந்த இரண்டாவது 'டர்ட்'டில் அவருக்கு அஞ்சலியாக ஒரு பந்தயம் வைத்தார்கள். 2011-இல் மூன்றாவது வந்தபோது அட்டையில் மக்ரேயின் பெயர் இல்லை. அதற்குள் விளையாட்டும் மாறிவிட்டது. அமெரிக்க ஜனங்களுக்குப் பிடிக்க வேண்டுமென்று வாணவேடிக்கை, பாட்டு, ஒரே மைதானத்தில் பல கார்கள் இடித்துக்கொள்வது என்று ஏகப்பட்ட ஆரவாரம் சேர்ந்தது. 2012-இல் ஒன்று வந்தது. அதில் காரைக் காரால் மோதி நொறுக்குவதே பிரதானம். பக்கத்து ஆசனக்காரருக்கு அங்கே என்ன வேலை? பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரரை உட்கார வைத்துவிட்டு, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு வைத்தால் எப்படி இருக்கும்!

கம்பெனியாருக்கு இது காதில் விழுந்ததென்று தோன்றுகிறது. 2015 ஏப்ரலில், ஆரவாரம் எதுவும் இல்லாமல், 'டர்ட் ராலி' என்று ஒன்றைப் பாதி வெந்த நிலையிலேயே விற்பனைக்கு விட்டார்கள். ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்று ரசிகர்களையே கேட்டு, டிசம்பருக்குள் பூர்த்தி செய்தார்கள். அதில் வாணவேடிக்கை இல்லை. ஒரு கார், ஒரு பாதை, ஒரு குரல். சற்று அசந்தால் மரம்.

2017-இல் வந்த நாலாவது 'டர்ட்'டைப் பற்றி நான் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். அதிலே பாதைகளை இயந்திரமே அவ்வப்போது புதிது புதிதாகப் பின்னிக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. நேற்று ஓட்டிய பாதை இன்றைக்கு இருக்காது. நெட்டுருப் போட்டு ஜெயிக்கிற பிள்ளைகளின் ஜம்பம் அங்கே பலிக்காது. குரலைக் கேட்டே தீரவேண்டும். அந்தக் குரலாக இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒருவர் நமது பழைய நிக்கி க்ரிஸ்ட். மற்றவர் ஜென் ஹார்ஸி, கனடா தேசத்தைச் சேர்ந்த பெண்மணி, நிஜ ராலிகளில் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து குறிப்பு வாசித்தவர்.

பெண்களுக்கும் இந்தப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் 1981-ஆம் வருஷத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வருஷம் இத்தாலியில் நடந்த ஸான்ரெமோ ராலியில் பிரெஞ்சுக்காரி மிஷேல் மூட்டோன் ஆடி காரை ஓட்டினார். இத்தாலியப் பெண் ஃபாப்ரிட்ஸியா போன்ஸ் பக்கத்தில் இருந்து வாசித்தார். உலகத்து ஆண்களையெல்லாம் தோற்கடித்து முதலாவதாக வந்தார்கள். மறு வருஷம் போர்த்துகல், கிரீஸ், பிரேஸில் மூன்றிலும் ஜெயம். சாம்பியன் பட்டமே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஐவரி கோஸ்ட் பந்தயம் தொடங்கும் தறுவாயில் மூட்டோனின் தகப்பனார் இறந்த செய்தி வந்தது. அந்தத் துக்கத்தோடு ஓட்டினார். கார் பாதையை விட்டு விலகிப்போயிற்று. இரண்டாவது இடம்தான் கிடைத்தது. உலகச் சாம்பியன் போட்டி ராலியில் ஓட்டி ஜெயித்த பெண் இன்றுவரை அவர் ஒருவர்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது! பாட்டுச் சீட்டில் பெயர் எழுதாதது பழவேற்காட்டில் மட்டும்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

படகிலிருந்து திரும்பி வந்தபோது அந்தத் தாயாரிடம் இதையெல்லாம் என்னால் முடிந்தவரை சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. "இத்த ஆடி இவன் நெசமாவே கார் ஓட்டுவானா சார்? ஏரியில முன்ன மாதிரி இறாலு இல்ல. முகத்துவாரம் மணல் மூடிப்போவுது. வலைக்கு இவன அனுப்ப எனக்கு மனசில்ல. அதான் கேக்குறேன்."

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் எனக்கும் சந்தோஷம், அவளுக்கும் சந்தோஷம். ஆனால் விஷயம் அப்படி இல்லையே! ராலி பணம் தின்கிற வித்தை. நம் நாட்டிலிருந்து போய் ஆசிய பசிபிக் சாம்பியன் பட்டத்தை 2013, 2016, 2017 ஆகிய மூன்று வருஷங்களில் வென்ற கௌரவ் கில்லுக்கு 2019-இல் அர்ஜுனா விருது கிடைத்தது. மோட்டார் பந்தயக்காரருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. அவ்வளவு தூரம் போக, வாகனமும் ஆட்களும் பணம் போடும் கம்பெனிகளும் பின்னால் வேண்டும். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டினார் என்றால், அவருடைய தகப்பனாரே ராலி ஓட்டியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வட அயர்லாந்துக்காரர் ஜான் ஆம்ஸ்ட்ராங் 2018-இல் வீடியோ விளையாட்டில் உலக ராலிப் பட்டம் வாங்கியவர்; நிஜ ராலியிலும் ஓட்டுகிறவர். ஆனால் அவர் விளையாட்டிலிருந்து காருக்குப் போகவில்லை. காரிலிருந்து விளையாட்டுக்கு வந்தவர். பிற்பாடு கோட்மாஸ்டர்ஸாருக்கே கார் எப்படி வழுக்கும், எப்படித் திரும்பும் என்று சொல்லித்தரும் உத்தியோகத்துக்கும் போனார்.

"பையனைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை, அம்மா. பொண்ணை மட்டும் நன்றாகப் படிக்க வையுங்கள். ஓடுகிற வேகத்தில் ஒரு பாஷையைக் கேட்டு இன்னொரு பாஷையில் பிழையில்லாமல் சொல்லுகிறாள். எனக்கு அது வராது" என்றேன். தாயார் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். பெண், வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பையன்தான், "அக்கா, வா! இங்க மோதிடும் போல இருக்குது" என்று கத்தினான்.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் 'டர்ட் ராலி 2.0' வந்தது. இதில் வாசித்தவர் ஃபில் மில்ஸ். 2003-இல் பெட்டர் ஸோல்பெர்க் உலகச் சாம்பியன் ஆனபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். 2021-இல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி சுமார் 120 கோடி டாலர் கொடுத்துக் கோட்மாஸ்டர்ஸை வாங்கிவிட்டது. 2023 நவம்பரில் உலகச் சாம்பியன் போட்டியின் பெயரையே தாங்கி ஒரு பெரிய விளையாட்டு வெளிவந்தது. சில பாதைகளின் நீளம் மட்டும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். அத்தனை நேரம் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே ஓட்டவேண்டும். 2025 மே மாதத்தில், இனிமேல் ராலி விளையாட்டுகள் செய்வதை நிறுத்திவைக்கிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். 1998-இல் க்ரிஸ்ட் வாசிக்கத் தொடங்கிய குறிப்பு இருபத்தேழு வருஷத்தில் நின்றது. லாபக் கணக்குப் பார்க்கிறவர்களிடம் குரலுக்கு என்ன விலை என்று யார் கேட்பது?

ஆனாலும் ஒரு சமாசாரம் இருக்கிறது. மக்ரேயின் காலத்தில் அவரோடு மோதிய இங்கிலீஷ்காரர் ரிச்சர்ட் பர்ன்ஸ், 2001-இல் சாம்பியன் ஆனவர். அவர் பெயரில் 2004-இல் வேறொரு கம்பெனி ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தது. மகா கஷ்டமான விளையாட்டு என்று பெயர் வாங்கியது. மறு வருஷமே பர்ன்ஸ் நோயினால் காலமானார். அந்த விளையாட்டுக்கு அடுத்த பாகம் வரவேயில்லை. ரசிகர்கள் அதை விடவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக, சம்பளம் கிடையாது, புதுப் புதுப் பாதைகளைச் செய்து சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்து ஆசனத்துக் குரலையும் தத்தம் தாய்மொழியில் பேசிப் பதிவு செய்து மாட்டிக்கொள்கிறார்கள்.

தமிழிலும் தாராளமாகச் செய்யலாம். 'வலது ஆறு', 'இடது மூன்று', 'மேடு', 'வெட்டாதே' எல்லாம் கச்சிதமாகவே இருக்கின்றன. ஒரே ஒரு கஷ்டம், 'கொண்டை ஊசி வளைவு'. அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் கார் பள்ளத்துக்குள் போய்விடும். 'கொண்டை' என்றதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.